புனிதவதி உத்தியோகமாய்ப் போகவில்லை

புனிதவதி இருபத்திரண்டு வருடம் ஒட்டகச்சிவிங்கிக்குக் கரட் வெட்டியவர். இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு நகரம் ஒட்டகச்சிவிங்கியை வைத்திருந்தால் அதற்கு யாரோ ஒருவர் கரட் வெட்டத்தானே வேண்டும்? ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்து மிருகக்காட்சிசாலையில், பார்வையாளர்கள் எட்டிப்பார்க்காத பின்பக்கத்துச் சமையலறையில் அவருக்கு வேலை. சமையலறை என்று பெயரே தவிர அங்கே ஒன்றும் சமைப்பதில்லை. ஒட்டகச்சிவிங்கிக்கு நீளக் கீற்று, குரங்குக்குச் சதுரத் துண்டு, ஆமைக்குத் துருவல். வீட்டில் கணவர் மகேஸ்வரன் கரட் சம்பல் கேட்டால், "நான் வேலையை வீட்டுக்குக் கொண்டுவாறேல்லை" என்று சொல்லிவிடுவார்.

இத்தனை வருடத்தில் அவர் மிருகங்களைப் பார்த்தது குறைவு. காலை ஆறுக்கு உள்ளே போனால் இரண்டுக்கு வெளியே வந்து பஸ் பிடிக்க வேண்டும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பி வரும் வாளிகள்தான். எந்த மிருகம் எதை மிச்சம் விட்டது, எதற்கு வயிறு சரியில்லை, எது புதிதாக வந்த இலையை முகர்ந்துவிட்டு ஒதுக்கியது என்று வாளியைப் பார்த்தே சொல்வார். முகம் தெரியாத மருமக்களுக்குச் சமைத்து அனுப்பும் மாமியாரைப் போல ஒரு உறவு.

ஓய்வுபெற்ற நாளில் கேக் வெட்டினார்கள். இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று மேற்பார்வையாளர் கேட்டார். கோயில், தோட்டம், ஓய்வு என்று ஏதாவது மரியாதையான பதில் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

"நான் வெட்டிக் கொடுக்காமல் சாப்பிடுகிற ஒட்டகச்சிவிங்கி ஒன்றைப் பார்க்கப்போகிறேன்" என்றார் புனிதவதி. மற்றவர்கள் கைதட்டினார்கள். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள்.

வோபர்னில் இருக்கும் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதையே தமிழில் சொன்னபோது கைதட்டு விழவில்லை.

"காட்டுக்குள்ளை கூடாரத்திலை படுக்கிறதுக்கு ஆரும் காசு குடுப்பினமே?" என்றார் மகேஸ்வரன். "வன்னிக் காட்டுக்குள்ளாலை உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தனாங்கள். மறந்துபோச்சோ உமக்கு?"

"மறக்கேல்லை. அப்ப ஒண்டையும் நிண்டு பாக்க நேரமிருக்கேல்லை."

"பாக்க என்ன கிடந்தது அதுக்குள்ளை?"

"ஒரு யானை நிண்டது. குளத்துக்கு அங்காலை. நீங்கள் என்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு ஓடிட்டீங்கள்."

"இழுக்காட்டி இண்டைக்கு இந்தக் கதை கதைக்க நீர் இருந்திருக்க மாட்டீர்."

"அது வேறை. நான் கேக்கிறது யானையை."

மகேஸ்வரன் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "தனியவோ போகப்போறீர்?"

"நீங்களும் வாங்கோ."

"எனக்கென்ன விசரோ?"

"அப்ப தனியத்தான்."

வான்கூவரில் இருக்கும் மகன் விதுர்சன், "அம்மா, ஜஸ்ற் கோ" என்று மூன்று சொல்லில் தன் கடமையை முடித்துக்கொண்டு, கணினியில் எல்லாவற்றையும் பதிவுசெய்து கொடுத்தான். தன்சானியாவில் ஒரு வனக் காப்பகம், அதற்குள் பன்னிரண்டு கூடாரங்கள் கொண்ட ஒரு முகாம், ஓகஸ்ட் மாதம், ஆறு இரவுகள். பணம் புனிதவதியுடையது. அதைப் பற்றி யாரும் பேச இடமில்லாதபடி அவரே கட்டிவிட்டார்.

சிக்கல் பிக்கரிங்கிலிருந்து வந்தது.

பிக்கரிங்கில் புது வீடு வாங்கியிருக்கும் யோகமலர் மகேஸ்வரனின் தங்கை. யோகமலரின் மகள் யதுஷா பெரியபிள்ளையாகிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ரொறன்ரோவில் பெண்பிள்ளை பெரியவளாவது இயற்கையின் கையில் இருக்கிறது. அதை ஊருக்கு அறிவிப்பது மண்டபத்தின் கையில் இருக்கிறது. மண்டபம், குதிரை வண்டி, வீடியோக்காரர் ஆகிய மூன்றும் ஒரே சனிக்கிழமை ஓய்வாக இருக்கும் நாளைக் கண்டுபிடித்தால், அது நல்ல நாள்தான் என்று ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து உறுதிப்படுத்துவார். அந்த நாள் ஓகஸ்ட் மாதத்து இரண்டாவது சனிக்கிழமையாக அமைந்தது. புனிதவதி முகாமில் இருக்கப்போகும் நான்காவது நாள்.

தாய்மாமன் தேங்காய் உடைக்க, மாமி தண்ணீர் வார்க்க வேண்டும். அது முறை. தாய்மாமன் மகேஸ்வரன். மாமி புனிதவதி.

"மச்சாள், மாமி தண்ணி வாக்காமல் என்ன சடங்கு?" என்று யோகமலர் தொலைபேசியில் கேட்டார்.

"பிள்ளை பெரிசான அண்டு உங்கடை குளியலறையிலை நான்தானே, யோகா, வாத்தனான்? அதுவும் நைற் பஸ் பிடிச்சு வந்து."

"அது வீட்டுக்கு. இது சபைக்கு."

"சபைக்கு வேறை ஆரும் வாக்கட்டும். தண்ணி ஒண்டுதானே."

"சனம் என்ன கதைக்கும்?"

"என்னத்தைக் கதைச்சாலும் எனக்கு அங்கை கேக்காது."

யோகமலர் வேறு வழியில் வந்தார். "மச்சாள், நாங்கள் ஹோலையே காடு மாதிரித்தான் செய்யிறம். ஜங்கிள் தீம். பதினெட்டடியிலை ஒட்டகச்சிவிங்கி வருது. யானை கண் சிமிட்டுமாம். நீங்கள் இஞ்சையே பாக்கலாம்."

"அதுகள் சாப்பிடுமோ?"

"பொம்மை என்னெண்டு மச்சாள் சாப்பிடும்?"

"அப்ப எனக்கு வேண்டாம்."

பிறகு யோகமலர், "நீங்கள் வராட்டி இனிமேல் என்ரை வீட்டு வாசலிலை கால் வைக்கத் தேவையில்லை" என்று சொல்லி வைத்துவிட்டார். சும்மா சொல்லும் ஆள் அல்ல அவர். தன் சொந்தச் சித்தியுடன் ஒரு கேக் காரணமாக ஒன்பது வருடம் பேசாதிருந்தவர்.

புனிதவதி அன்று முழுவதும் வீட்டைத் துடைத்தார். முப்பது வருடத்து உறவு ஒரு பக்கம், ஆறு நாள் ஆசை ஒரு பக்கம். எந்தக் கணக்கில் போட்டாலும் ஆசை தோற்கவேண்டியது. தோற்கவேண்டும் என்று எல்லாரும் இவ்வளவு உறுதியாக இருப்பதே அவருக்குப் பிடிக்கவில்லை. மாலையில் பயணப்பெட்டியை இறக்கித் தூசு தட்டினார்.

நிலைமையைச் சமாளித்தவர் மகேஸ்வரன். றிச்மண்ட் ஹில் கோயிலின் கார் தரிப்பிடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, "மனுசி சடங்குக்கு நிக்கமாட்டாவாமே?" என்று யாரோ கேட்க, அவருடைய வாயில் உண்மை வரவில்லை. "ஸூவிலை இருந்து வேலை விசயமாய் அனுப்பினம்" என்று வந்தது.

அது அற்புதமாக வேலை செய்தது. நம்மவர்களிடம் ஓவர்ரைம் என்றால் செத்த வீட்டுக்குப் போகாததற்கும் மன்னிப்பு உண்டு. ஆசை என்றால் பிறந்தநாள் கேக்குக்குக்கூடக் கிடையாது. புனிதவதி ஓய்வுபெற்று ஏழு மாதம் என்பது ஒருவருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை. செய்தி றிச்மண்ட் ஹில்லில் 'ரெயினிங்' என்று புறப்பட்டு, ஸ்காபரோவில் 'ஆராய்ச்சி' ஆகி, பிக்கரிங் போய்ச் சேர்ந்தபோது கனடா அரசாங்கம் அவரை ஆபிரிக்க யானைகளின் சாப்பாட்டைச் சீர்செய்ய அனுப்புவதாக வளர்ந்திருந்தது. யோகமலருக்கு உண்மை தெரியும். ஆனாலும் அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. வராத மச்சாளைவிட அரசாங்கம் அனுப்பிய மச்சாள் சபைக்கு அழகு.

"இந்தப் பொய் எனக்கு வேண்டாம்" என்றார் புனிதவதி.

"உம்மடை மரியாதைக்குத்தானப்பா சொன்னனான்."

"என்ரை மரியாதையை நான் பாப்பன். ஆசையாயிருக்குது, போறன் எண்டு சொல்லுங்கோவன். என்ன, களவெடுக்கவோ போறன்?"

"உமக்கு விளங்காது. நீர் போம். போய் அண்டைக்கு ஐஞ்சு நிமிசம் ஸ்கிறீனிலை வந்து பிள்ளையை வாழ்த்தினால் காணும். மிச்சத்தை நாங்கள் பாப்பம்."

ஐந்து நிமிடம். புனிதவதி ஒத்துக்கொண்டார். பிள்ளையில் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. யோகமலர் உடனே ஒரு பார்சல் அனுப்பினார். உள்ளே மயில்நீலப் பட்டுச்சேலை. அன்று மாமிமார் எல்லாரும் அதே நிறம்.

முகாமின் குறிப்புக் கடிதத்தில் நீலமும் கறுப்பும் உடுத்தவேண்டாம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. அந்தக் காட்டில் ட்செட்சே என்று ஒரு கடிக்கிற ஈ உண்டு. அதற்கு இந்த இரண்டு நிறங்களிலும் தீராத மோகமாம். புனிதவதி கடிதத்தையும் சேலையையும் ஒரே பெட்டியில் வைத்து மூடினார்.

சிறிய விமானம் புல் தரையில் இறங்கியபோது ஜீப்புடன் காத்திருந்தவர் ஜுமா என்ற வழிகாட்டி. ஐம்பது வயது, நிதானமான மனிதர். பட்டியலைப் பார்த்துவிட்டு, கணவர் எங்கே என்று கேட்டார்.

"ரொறன்ரோவில் பத்திரமாக இருக்கிறார்."

அந்த நாட்டில் மூத்த பெண்ணை, அம்மா என்ற பொருளில், மாமா என்று அழைப்பதுதான் மரியாதை. ஜுமா முதல் நாளே 'மாமா' என்று தொடங்கிவிட்டார். தாய்மாமனின் பதவியும் தன்னிடமே வந்துவிட்டது, இனித் தேங்காயையும் தானே உடைக்கலாம் என்று புனிதவதி நினைத்துக்கொண்டார்.

கூடாரம் என்றால் அவர் மனதில் அகதி முகாமின் நீலத் தறப்பாள்தான். இங்கே பலகைத் தளத்தில் தடித்த கன்வஸ், உள்ளே கட்டில், வெள்ளை விரிப்பு, வாளியில் வெந்நீர் ஊற்றிக் குளிக்க ஒரு ஷவர். சாப்பாட்டுப் பொருள் எதையும் உள்ளே வைக்கக்கூடாது, இருட்டினால் காவலாளி இல்லாமல் வெளியே காலடி வைக்கக்கூடாது என்று இரண்டு கட்டளைகள். முதல் நாள் படுக்கப் போனபோது போர்வைக்குள் காலில் சூடாகவும் மென்மையாகவும் ஏதோ பட்டது. அவர் கத்தவில்லை. இருபத்திரண்டு வருட அனுபவத்தில், கடிக்கிற பிராணி இவ்வளவு நேரம் பொறுக்காது என்று தெரியும். போர்வையைத் தூக்கிப் பார்த்தார். துணி உறை போட்ட வெந்நீர்ப் பை.

மறுநாள் விடியற்காலை ஒட்டகச்சிவிங்கியைக் கண்டார். ஏழு நின்றன. ஒரு முள்மரத்தில் விரல் நீள வெள்ளை முட்கள். அவற்றுக்கு நடுவே கருநீல நாக்கை விட்டு வளைத்து, இலையை உருவி, அவசரமில்லாமல் மென்றது ஒன்று. ஜீப்பில் இருந்த டென்மார்க்குத் தம்பதி மெல்லிய குரலில் வியந்தார்கள். அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

புனிதவதிக்குக் கண் கலங்கவில்லை. கோபம் வந்தது.

"முள்ளோடை தின்னுது!" என்று தமிழிலேயே சொன்னார். பிறகு ஜுமாவுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். "இவர்களுக்கு நான் கரட்டில் தோல் சீவினேன். கீற்று கொஞ்சம் தடித்தால் தொண்டையில் சிக்கும் என்று எனக்கு ஒருவர் பாடம் நடத்தினார்."

ஜுமா வெகுநேரம் சிரித்தார். "முள்ளும் உடம்புக்கு வேண்டும் மாமா" என்றார்.

அவர் ஜீப்பை நகர்த்தவில்லை. புனிதவதியும் நகரச் சொல்லவில்லை. ஒன்றரை மணித்தியாலம். டென்மார்க்குக்காரர் சிங்கம் எங்கே என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு அடங்கினார். யாரும் கையைப் பிடித்து இழுக்காத ஒன்றரை மணித்தியாலம் தன் வாழ்க்கையில் இதற்கு முன் எப்போது கிடைத்தது என்று புனிதவதி யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

சனிக்கிழமை வந்தது. ரொறன்ரோவில் காலை பத்தே முக்காலுக்கு முகூர்த்தம். முகாமில் அது பின்னேரம் ஐந்தே முக்கால். இணையம் சாப்பாட்டுக் கூடாரத்தில் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் மாலைச் சவாரிக்குப் போய்விட, டென்மார்க்குத் தம்பதியையும் வேறு ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஜுமா தன் ஜீப்புடன் வெளியே நின்றார். புனிதவதி மயில்நீலப் பட்டு உடுத்து, பொட்டு வைத்து, முகாம் மனேஜரின் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் ஈ ஐந்து நிமிடத்தில் வந்தது.

திரையில் மண்டபம் தெரிந்தது. பிளாஸ்ரிக் கொடிகள், கண் சிமிட்டும் யானை, பதினெட்டடி ஒட்டகச்சிவிங்கி. அதன் புள்ளிகளெல்லாம் ஒரே அளவு. ஆனால் யதுஷாவைக் காணவில்லை. குதிரை வண்டி நெடுஞ்சாலை வெளியேறும் இடத்தில் மாட்டிக்கொண்டதாம். "இந்தா வந்திட்டினம் மாமி, லைனிலை நில்லுங்கோ" என்று யாரோ ஒரு பொடியன் சொல்லிவிட்டு மறைந்தான். ஆறு மணியாயிற்று. ஆறு பத்து. கழுத்தில் ஒரு கடி, முழங்கையில் இரண்டு.

வெளியே ஜீப்பின் வானொலி கரகரத்தது. சுவாஹிலியில் 'சூயி' என்ற சொல் கேட்டது. நான்கு நாளில் புனிதவதி கற்றுக்கொண்ட ஒன்பது சொற்களில் அதுவும் ஒன்று. சிறுத்தை. ஜுமா கூடார வாசலில் வந்து நின்றார்.

"மரத்தில் இருக்கிறது மாமா. பத்து நிமிடத் தூரம். இன்னும் அரை மணித்தியாலம்தான் வெளிச்சம்."

"ஐந்து நிமிடம்" என்றார் புனிதவதி.

அந்த நேரம் மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்கியது. யதுஷா வந்தாள், ஊஞ்சலில் அமர்ந்தாள். அறிவிப்பாளர் பஸ்ரியன் ஒலிவாங்கியைப் பிடித்தார். மண்டபத்தின் பெரிய திரையில் புனிதவதியின் முகம், நானூறு பேருக்கு முன்னால்.

"இதோ, ஆபிரிக்கக் காட்டிலிருந்து எங்கள் யதுஷாவின் அருமை மாமி! கனடிய அரசாங்கத்தால் விசேடமாக அனுப்பப்பட்டு, யானைகளின் ஆரோக்கியத்துக்காக அல்லும் பகலும் உழைத்துக்கொண்டிருக்கும் நிலையிலும், கடமைக்கு நடுவே ஐந்து நிமிடம் ஒதுக்கி..."

முன்வரிசையில் மகேஸ்வரன் பட்டு வேட்டியுடன் தலையாட்டிக்கொண்டிருந்தார். யோகமலர் பெருமையாகச் சபையைத் திரும்பிப் பார்த்தார். புனிதவதியின் பிடரியில் ஒரு ஈ நன்றாக இறங்கிக் கடித்தது. பட்டென்று அடித்தார். அந்தச் சத்தம் நானூறு பேருக்கும் கேட்டது.

"பஸ்ரியன்," என்றார். "ஒருக்கா நிப்பாட்டும்."

பஸ்ரியன் நிறுத்தினார்.

"யதுஷா, மாமி சொல்லுறன், நல்லாயிரு பிள்ளை. நல்ல வடிவாயிருக்கிறாய்." பிறகு சபையைப் பார்த்தார். "மற்றது, என்னை ஒருத்தரும் அனுப்பேல்லை. நான் பென்சன் எடுத்து ஏழு மாசம். யானைக்கு நான் ஒண்டும் செய்யேல்லை, அது தன்ரை பாட்டிலை நிக்குது. நான் இஞ்சை ஆசைப்பட்டு வந்தனான். என்ரை காசிலை வந்தனான். சடங்கு இண்டைக்கெண்டு தெரிஞ்சுதான் வந்தனான்."

ஊஞ்சலில் இருந்த யதுஷாவுக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கால் வந்த அந்தச் சிரிப்பை ஒலிவாங்கி பிடித்து மண்டபம் முழுக்கக் கொடுத்தது.

"இப்ப மரத்திலை ஒரு சிறுத்தை நிக்குதாம். நான் பாக்கப்போறன். எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்கோ."

மடிக்கணினியை மூடினார். கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். மயில்நீலத்துக்குப் பின்னால் ஈக்களும் ஏறின. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சிறுத்தை மரத்திலிருந்து இறங்கிப் புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. வால் தெரிந்தது. நுனி வெள்ளை. வேறொன்றும் தெரியவில்லை.

"மன்னிக்கவேண்டும் மாமா" என்றார் ஜுமா.

"ஏன்? வாலும் அதன் ஒரு பகுதிதானே" என்றார் புனிதவதி, சொறிந்துகொண்டே.

விமான நிலையத்துக்கு மகேஸ்வரன் வந்திருந்தார். பெட்டியைத் தூக்கி வைத்தார், நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஓட்டினார். வோபர்ன் வந்து கார் நின்றபிறகு, "சபையிலை என்னை விழுத்திப்போட்டீர்" என்றார்.

"நான் விழுத்தேல்லை. நீங்கள் ஏறி நிண்ட இடம் அப்பிடி."

பத்து நாள் இருவருக்கும் இடையில் தேவையான சொற்கள் மட்டுமே நடமாடின. யோகமலர் சொன்னபடி செய்தார். பிக்கரிங் வாசல் மூடிக்கொண்டது. சடங்கு வீடியோவில் அந்த ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டு, அங்கே வாழை இலையில் பலகாரம் பரிமாறுவதைப் போட்டார்கள். வாட்ஸப் குழுவிலிருந்தும் புனிதவதி நீக்கப்பட்டார். அதற்கு அவர் வருந்தியதும் உண்மை; தினமும் நாற்பது 'குட் மோர்னிங்' படங்கள் வராதது நிம்மதியாக இருந்ததும் உண்மை. வருத்தத்தை யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள். கேட்கும் எண்ணம் அவருக்கு இல்லை.

வதைபட்டது மகேஸ்வரன்தான். போகும் இடமெல்லாம் கேலி. கோயிலில், "யானை டொக்ரர் சுகமோ?" நூலக வாசலில், "அண்ணை, எங்கடை பூனைக்கும் ஒரு மருந்து கேளுங்கோவன்." அவர் விலகி விலகி நடந்தார்.

பதினோராம் நாள் இருவரும் மார்க்கம் வீதித் தமிழ்க் கடைக்கு மீன் வாங்கப் போனார்கள். மீன் பகுதியில் நின்ற றெமிஜியஸ் ஒரு விளைமீனைத் தூக்கி வைத்துவிட்டு, புனிதவதி பக்கத்திலேயே நிற்க, மகேஸ்வரனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"என்னண்ணை, அக்காவின்ரை உத்தியோகம் முடிஞ்சுதோ? கவண்மெந்து இனி எங்கை அனுப்புது?"

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மகேஸ்வரனின் காது சிவந்தது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்தார். அடுத்து வந்தது அன்பால் வந்தது என்று சொல்லமுடியாது. பத்து நாள் எரிச்சல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அவ்வளவுதான்.

"உத்தியோகமுமில்லை, கவண்மெந்துமில்லை. நான் சொன்னது பொய்" என்றார். குரல் கடை முழுக்கக் கேட்டது. "அவவுக்குப் பாக்க ஆசையாய்க் கிடந்தது, போனவ. அவவின்ரை காசு. உமக்கு அதிலை என்ன குறைஞ்சு போச்சு?"

"இல்லையண்ணை, சும்மா கேட்டனான்..."

"சும்மா கேக்கிறதெண்டால் எல்லாத்தையும் கேளும். அடுத்த வருசமும் போவா. என்ன செய்யப்போறீர்?"

அடுத்த வருடத்தைப் பற்றிப் புனிதவதி யாரிடமும் ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை. தனக்குத்தானேகூட இன்னும் சொல்லவில்லை. கணவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அவர் இன்னும் மீனை முறைத்துக்கொண்டே நின்றார்.

புனிதவதி கண்ணாடித் தட்டருகே ஒரு அடி முன்னால் வந்தார்.

"கதையை விட்டிட்டு வெட்டும் றெமிஜியஸ்," என்றார். "தலையை எறிஞ்சுபோடாதையும். குழம்புக்கு வேணும்."